அமெரிக்கா வீட்டுப் பூட்டனார்

அரிமளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே எங்கள் வீட்டுக்கு ‘அமெரிக்கா வீடு’ என்று பெயர். கல்யாணப் பத்திரிகை கொடுப்பவர்கள்கூட உறையின் மேல் அப்படித்தான் எழுதுவார்கள். என் பூட்டனார், அதாவது தாத்தாவின் அப்பா, கப்பலேறி அமெரிக்கா போய் வந்தவர் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை.

வேலை கிடைத்து அமெரிக்கா போன என் மகள்தான் ஒருநாள் போனில் கேட்டாள்.

“அப்பா, பூட்டனார் இங்க எந்த ஊர்லப்பா இருந்தாரு? லீவுல போய்ப் பாத்துட்டு வாரேன்.”

அக்காவிடம் கேட்டேன். கோட்டைப்பட்டினத்து முஸ்லிம் குடும்பம் ஒன்றின் தோணியில் கொழும்பு போய்த்தான் பூட்டனார் கப்பல் ஏறினார் என்று அப்பா சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம்.

அந்தக் காலத்தில் கொழும்புக்குத் தோணி விட்ட குடும்பம் என்று கடற்கரையில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். கதவைத் திறந்த பெண்மணிக்கு அக்கா வயதுதான் இருக்கும். எங்கள் வீட்டுப் பெயரைச் சொன்னதுமே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உள்ள வாங்க, உக்காருங்க. அவரு அமெரிக்காவுக்கு எங்க போனாரு? எங்க தோணியில கொழும்புக்குப் போனாரு. அங்க ஒரு அமெரிக்காக்காரர் பங்களாவுல சமையல் வேல. திரும்பி வந்து, எங்க வீட்டு நிக்காஹுக்குக் கேக் சுடுறேன்னு சட்டியில மாவ ஊத்தி, மேலயும் கீழயும் தணலப் போட்டாராம். கரிக்கட்டையா வந்துச்சாம். ‘அமெரிக்காவுல இப்படித்தான் திம்பாக’ன்னு அடிச்சுச் சொல்லிட்டாராம். அன்னையிலேருந்துதான் அந்தப் பேரு. எங்க மாமியா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.”

அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இத்தனை வருடம் பூட்டனாரைக் கப்பல் தளத்தில் நிற்க வைத்தே பழகியிருந்தேன். ஆனால் கருகிய கேக்கோடு கல்யாண வீட்டில் அசராமல் நின்ற மனிதரை நினைக்க நினைக்க, அவர்மேல் முன்பில்லாத பாசம் வந்தது. சாப்பிடாமல் விடமாட்டேன் என்று அந்தப் பெண்மணி பிடித்துக்கொண்டார். நண்டுக் குழம்பு. அக்கா இரண்டாம் முறையும் சோறு வாங்கினாள்.

மறுநாள் வீடியோ காலில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்து ஓய நேரமாயிற்று.

“அப்ப நம்ம வீட்டுலேருந்து அமெரிக்கா வந்த மொத ஆளு நாந்தானாப்பா?”

“ஆமாத்தா, நீதான்.”

அவள் முகம் முழுக்கச் சந்தோஷம். பிறகு, “பனி விழுகுதுப்பா, பாருங்க” என்று போனை ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினாள்.