பௌர்ணமியன்று கோல் பார்க்க ஆளில்லை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மரக்காணம் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். 2007, ஆனி மாதம். கடல் எவ்வளவு ஏறும் என்று தெரிந்துகொள்வதற்காகக் கடலை விட்டு நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மலையடிவாரத்துக்குப் போகிறவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ். அதற்குள் ஒரு சதுப்பு நிலமும் ஒரு குப்பமும் இருந்தன.

நான் வேலை பார்ப்பது ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில். மரக்காணத்துக்குப் பக்கத்தில் கழுவெளி என்ற பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. அதன் வாயருகே ஒரு மீனவர் குப்பம். முன்வரிசை வீடுகளைக் கடல் அரித்துத் தின்றுகொண்டிருப்பதால், முப்பது குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்ட ஏற்பாடாகியிருந்தது. குப்பத்தார் கைகாட்டியது சதுப்போரம் ஓர் இடம். வீட்டு வாசலில் இறங்கினால் படகு, அவ்வளவு பக்கம். அந்த இடம் ஐம்பது வருஷம் கழித்தும் தரையாக இருக்குமா, தண்ணீராகிவிடுமா என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது நான். திங்கட்கிழமை ஊர்க்கூட்டம். நான் வரைபடத்தைக் காட்டியதும் கடைக்கால் தோண்டுவார்கள்.

கணக்குப் போடத் திருவண்ணாமலை எதற்கு? எங்கள் அலுவலகக் கணினி உப்புக்காற்றில் துருப்பிடித்து உயிரை விட்டுவிட்டது. திறந்து பார்த்தபோது உள்ளே ஊறுகாய் ஜாடி மாதிரி இருந்தது. கல்லூரியில் என்னோடு படித்த ரஃபி, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே கணினி மையம் வைத்திருக்கிறான். அவனிடம் நல்ல கணினியும், என்னைத் திட்ட உரிமையும் இருக்கின்றன.

திண்டிவனம் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம். அங்கே வண்டி மாறி, திருவண்ணாமலைக்கு இருபத்திரண்டு ரூபாய் டிக்கெட். வழக்கமாகக் காலியாக வரும் வண்டியாம் அது. அன்று படியில் தொங்க இடம் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். இந்தக் கூட்டம் எதற்கு என்று நடத்துநரைக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "பௌர்ணமிங்க" என்றார். வெளிநாட்டுக்காரனுக்குப் பதில் சொல்கிற நிதானம் குரலில் இருந்தது.

எனக்குப் பௌர்ணமி தெரியாதா? தெரியும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் அதிகம் ஏறும் என்று குப்பத்தில் நிலா, பூமி, சூரியன் மூன்றையும் ஆரஞ்சுப் பழமும் எலுமிச்சையும் வைத்து வகுப்பெடுத்தவனே நான்தான். ஆனால் அது எந்தத் தேதியில் வருகிறது என்பது மட்டும் தெரியாது. புதுச்சேரியில் டவுனுக்குள் வளர்ந்தவன். கடலைக் கடற்கரைச் சாலைச் சுவரில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. என் நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சிவப்பு.

செஞ்சி தாண்டி, கீழ்பென்னாத்தூரில் ஒரு பூக்கார அம்மா இரண்டு கூடை சாமந்தியோடு ஏறி, ஒன்றை என் மடியில் வைத்தார். மலை சுற்றவா என்று கேட்டார். இல்லை, கடல் எவ்வளவு ஏறும் என்று கம்ப்யூட்டரில் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"அண்ணாமலைலயா? இங்க ஏதுப்பா கடலு?"

"இங்க இல்லம்மா. மரக்காணத்துல ஏறும்."

"அங்க ஏறுறத இங்க வந்து பாக்கறியா?" என்று கொஞ்சம் யோசித்தார். "ஏறட்டும். இங்க வர்றதுக்குள்ள நான் எறங்கிடுவேன்."

ஊருக்கு வெளியிலேயே தற்காலிக நிலையத்தில் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து வேங்கிக்காலுக்கு வெயிலில் நடந்தேன். எதிரே ஜனம் வந்துகொண்டே இருந்தது. மலை சுற்றாமலே ஊர் சுற்றிய புண்ணியம் கிடைத்திருக்கும்.

பதினொன்றரை மணிக்கு ரஃபியின் கடை. மூன்று கணினிகள், ஒரு பிரிண்டர். பட்டா மாறுதல், விதவை உதவித்தொகை, ரேஷன் கார்டு என்று மனு தட்டச்சு செய்ய ஜனங்கள் வரிசையில் நிற்கும் இடம். சனிக்கிழமை ஆபீஸ் இல்லாததால் வரிசை கம்மி. என்னைப் பார்த்ததும் ரஃபி, "ஏன்டா, பௌர்ணமியன்னிக்குப் போயி வர்றியே, உனக்கு யாரும் எடுத்துச் சொல்லலியா?" என்றான். பிறகு வீட்டிலிருந்து சாப்பாடு வரவழைத்தான்.

மென்பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை. அது நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டமும் தரையா, சதுப்பா, தண்ணீரா, எவ்வளவு உயரம் என்று நாம் சொல்லிவிட வேண்டும். கடல் தினமும் ஏறி இறங்குகிற அளவு எவ்வளவு, வருஷத்துக்கு மட்டம் எவ்வளவு உயரும் என்றும் சொல்ல வேண்டும். அதன் பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு தடவை நிறம் மாற்றிக் காட்டும். பச்சை தரை, பழுப்பு சதுப்பு, நீலம் தண்ணீர். நாம் கொடுப்பது சரியாக இருந்தால் அது சொல்வதும் சரியாக இருக்கும். நாம் உளறினால் அதுவும் உளறும், ஆனால் வண்ணத்தில் உளறும்.

கடல் ஏறி இறங்குகிற அளவை எடுத்துக் கொடுத்தவர் ஏழுமலை. குப்பத்துப் படகுக்காரர், நாற்பது வயதிருக்கும். கழுவெளியைக் கடலோடு சேர்க்கும் ஓடையில் என் இடுப்புயரத்துக்கு ஒரு கோல் நட்டு, அங்குலக் கோடு போட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தேன். தண்ணீர் எந்தக் கோடு வரை ஏறியது, எதுவரை வற்றியது என்று பார்த்து அவர் எனக்குச் சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், உத்தேசமாக எதுவும் வேண்டாம் என்று விரலை நீட்டிக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவரும் அப்படியே செய்தார். நடுநடுவே சில நாட்கள் விட்டுப்போகும். ஊருக்குப் போயிருந்தேன் என்பார். அந்த நாட்களுக்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளின் சராசரியைப் போட்டு நான் நிரப்பிவிடுவேன். கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தண்ணீர் ஒரு நாளும் கோலின் பாதியைத் தாண்டியதில்லை. சாதுவான கடல் என்று அறிக்கையில் எழுதியிருந்தேன்.

ஒன்றரை மணிக்குக் கணக்கு முடிந்தது. குப்பத்தார் கேட்ட இடம் 2100 வரைக்கும் பச்சை. ரஃபியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவன், வேங்கிக்காலுக்குக் கடல் எப்போது வரும் என்று பார்க்கச் சொன்னான். கடற்கரையோரமாக ஒரு மனை வாங்கிப்போட்ட மாதிரி இருக்குமாம். அச்செடுக்கப் போனால் வண்ண மை தீர்ந்திருந்தது. மை வாங்கக் கடைத்தெருவுக்குப் போக முடியாது, தெரு முழுக்க ஜனம். காலையில் எடுக்கலாம், இப்போது ஊருக்குத் திரும்பவும் வண்டி கிடைக்காது, போய் மலையைச் சுற்றிவிட்டு வா என்றான் ரஃபி. "நீ ஒரு நாளும் நடக்கறவன் இல்ல. இன்னிக்குப் பின்னாடி இருக்கறவங்களே தள்ளிக்கினு போயிடுவாங்க."

மாலை நான்கு மணிக்குக் கிளம்பினேன். மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர். ரஃபி சொன்னது உண்மைதான், தள்ளிக்கொண்டு போனார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். பக்தியால் அல்ல, இரண்டு தடவை யாரோ மிதித்து வார் அறுந்துவிட்டது. ஏழரை மணி வாக்கில் அடி அண்ணாமலை வந்தது. வயலுக்கு அந்தப் பக்கம் நிலா எழும்பியிருந்தது. சாலையின் இருபுறமும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள், சுண்டல், வளையல், சாமி படம். ஒரு நீல பிளாஸ்டிக் விரிப்பில் சங்கும் சிப்பியும் சோழியும் பரப்பி வைத்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டை பழக்கமானதாகத் தெரிந்தது. எங்கள் நிறுவனம் கொடுத்த சட்டை. ஏழுமலை.

"சார், நீங்களா! மலை சுத்தவா?" என்று எழுந்து நின்று, எனக்கு உட்கார ஒரு சாக்கை மடித்துப் போட்டார்.

காலுக்கு ஓய்வு கிடைத்த சந்தோஷத்தில் நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். "ஏழுமலைண்ணா, நீங்க இங்க இருந்தா இன்னிக்குக் கோல் யார் பாக்கறது?"

"இன்னிக்குப் பாக்க முடியாதுங்களே. பௌர்ணமின்னா நான் இங்கதான். மூணு வருசமா உடல. ரெண்டு நாள் முன்னாடியே வந்து எடம் புடிச்சாத்தான் உண்டு. மிச்சத்த வித்து, மலையும் சுத்திட்டுப் போயிச் சேர இன்னும் ரெண்டு நாளு ஆயிடும்."

எனக்குள் ஏதோ ஒன்று மெல்ல வற்ற ஆரம்பித்தது. "அப்ப அமாவாசைக்கு?"

"அமாவாசைக்கு மேல்மலையனூரு கோயிலு, சார். அங்க சோழி ஜாஸ்தி போவும்."

சாக்கில் உட்கார்ந்தபடி யோசித்துப் பார்த்தேன். கடல் எகிறுகிற நாட்களில் எல்லாம் என் அளவுகோல் சாமி பார்க்கப் போயிருந்தது. கடல் தூங்குகிற நாட்களை மட்டும் அளந்து, எகிறுகிற நாட்களுக்கு அந்தத் தூக்கத்தின் சராசரியையே போட்டு நிரப்பி, சாதுவான கடல் என்று சான்றிதழும் கொடுத்திருக்கிறேன். ஆரஞ்சுப் பழம் வைத்து வகுப்பெடுத்தவன்.

பௌர்ணமியன்று தண்ணீர் எதுவரை வரும் என்று கேட்டேன். தெரியாது என்றார். குப்பத்தில் பேசிக்கொள்வார்களே என்றேன்.

"பேசிக்குவாங்க. நான் பாக்கலியே. பாத்தத மட்டுந்தான் சொல்லணும்னீங்க?"

அன்று நீட்டிய விரல் என்னுடையதுதான்.

ஏழுமலைதான் செல்போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். அவர் மனைவி அஞ்சலையிடம், டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் கோலைப் பார்க்கச் சொன்னார். அரை மணி நேரம் கழித்து அஞ்சலையே திரும்பக் கூப்பிட்டார். இரைச்சலில் கேட்கவில்லை என்று ஏழுமலை போனை என் காதில் வைத்தார்.

"கோலே காணும் சார். செவப்புத் துணி மட்டும் தண்ணி மேல மெதக்குது. எப்பவும் இப்பிடித்தான சார் இருக்கும்? தண்ணி இன்னும் ஏறிக்கினுதான் இருக்குது."

என் கணக்கு தப்பு, காலையில் திரும்பப் போட வேண்டும் என்று ஏழுமலையிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சதுப்போர இடத்தில் முதல் மனை அவருடையது; போன வாரமே நான்கு மூலைக்கும் கல் நட்டு, மஞ்சள் பூசிவிட்டார். காலையில் நானும் வருகிறேன், கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ரஃபி கடை திறந்தபோது ஏழுமலை சங்கு மூட்டையோடு படியில் நின்றிருந்தார். ஒரு நாள் அளவை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதையும், ஆனாலும் முந்தைய அளவைவிட இதுதான் உண்மைக்குக் கிட்டே என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டுக் கோலின் முழு உயரத்தைப் போட்டேன். கணினி ஓடியது. ரஃபி டீ வாங்கி வந்தான், யாரும் குடிக்கவில்லை.

"இதுல எம் மனை எது?"

காட்டினேன். 2025, பச்சை. 2050, பழுப்பு. 2075, நீலம். குப்பத்தார் கேட்ட இடம் பாதிக்கு மேல் கூடவே போனது.

அவர் திரையை ஒட்டி விரலை வைத்து, ஒவ்வொரு கட்டமாகத் தடவி, யார் யார் மனை என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். நீலத்தில் விரல் வந்தபோதும் பெயரை விடவில்லை. கடைசியில், பச்சை எங்கே இருக்கிறது என்று கேட்டார். மேற்கே பனந்தோப்பு மேட்டைக் காட்டினேன்.

"அங்கேர்ந்து படகுக்கு நடக்கணுமே, சார்."

மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் மாதாமாதம் நடக்கிறீர்களே என்று ரஃபி கேட்டான்.

"அது சாமிக்கு, பாய். இது மீனுக்கு. தலைல கூடையோட நடக்கறவ எம் பொண்டாட்டி."

மேட்டிலிருந்து படகுத்துறை ஒன்றரைக் கிலோமீட்டர். பாதை போட்டுத் தர நிறுவனத்திடம் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கேட்பது என் கையில் இருக்கிறது, கிடைப்பது இல்லை என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

"கூட்டத்துல நீங்க படத்த மட்டும் காட்டுங்க சார். கல்லு நட்டவன் நான். நானே புடுங்கிட்டுப் பேசறேன். கம்ப்யூட்டர் சொன்னா சிரிப்பாங்க."

பதினோரு மணிப் பேருந்தில் இருவரும் திரும்பினோம். மடியில் சங்கு மூட்டை. கூட்டம் வடிந்து, ஊர் தன் பழைய மட்டத்துக்கு இறங்கியிருந்தது. சாலையோரம் அறுந்த செருப்புகள் ஒதுங்கிக் கிடந்தன. அதில் ஒன்றைப் பார்த்து ஏழுமலை உங்களுடையதா என்று கேட்டார். திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு ஜனம் எதுவரை ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கேற்ப நிலையத்தை ஊருக்கு வெளியே தள்ளி வைக்கிறார்கள். எங்கள் ஊரில் அதே நிலாவுக்குத் தண்ணீர் ஏறுவது அஞ்சலைக்குத் தெரியும், அவரை யாரும் கேட்கவில்லை. செஞ்சிக் கோட்டை வரும்வரை இதை யோசித்து, பிறகு தூங்கிவிட்டேன்.

கூட்டத்தில் சண்டை வந்தது. ஏழுமலை மஞ்சள் பூசிய ஒரு கல்லைத் தோளில் சுமந்துவந்து நடுவில் போட்ட பிறகுதான் அடங்கியது. இப்போதைக்குச் சதுப்போரம் கட்டுவதில்லை, பாதை வந்தால் பனந்தோப்பு மேடு என்று முடிவானது. அதோடு இன்னொன்றும் முடிவானது. அவர் பௌர்ணமி வியாபாரத்தை விட மாட்டார். ஆகவே பௌர்ணமியன்று கோல் பார்க்க வேண்டியது நான்.

அடுத்த பௌர்ணமிக்குப் புதிய நீளக் கோலைத் தச்சர் செய்து முடிக்கவில்லை. பழைய கோல் முழுகிவிட்டது. அது நின்ற இடத்தில் நான் நின்றேன். எட்டரை மணிக்கு அடி அண்ணாமலையிலிருந்து போன் வந்தது. பின்னால் ஜன இரைச்சல்.

"எவ்ளோ சார் தண்ணி?"

"இடுப்புக்கு மேல ஒரு சாண், ண்ணா."

"உத்தேசமா சொல்றீங்களா, பாத்துச் சொல்றீங்களா?"

நனைந்துகொண்டே சொல்கிறேன் என்றேன்.