மருமகள் அறுத்துக் கொடுத்த பலகை

பல்லடத்தில் தறி ஓட்டுகிற நரசிம்மலு வீட்டுக்கு நீங்கள் போனால், காபி வருவதற்கு முன்னால் அந்தப் பலகையைக் காட்டுவார்கள். மெல்லிய பிளைவுட்டில் ‘நம்ம வீடு’ என்று அறுத்து, வார்னிஷ் அடித்து, கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருக்கும். நூல் கோன் இறக்க வருகிறவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், யாரும் தப்ப முடியாது. நரசிம்மலு கையைப் பிடித்து நிறுத்திக் காட்டிவிட்டுத்தான் விடுவார். “எங்க மருமக கையால செஞ்சதுங்க” என்பார்.

மருமகள் ஹரிதா அப்போது சமையலறையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள். அந்த வார்த்தையை ஏன் எழுதினாய் என்று அவளை யாரும் கேட்டதில்லை. வேறு வார்த்தைக்குப் பலகையில் இடம் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஹரிதா கோயமுத்தூர் பீளமேட்டுப் பெண். வீட்டு உள் அலங்காரம் படித்தவள். கல்யாணம் பேசும்போதே பேச்சு: ஒரு வருஷம் பல்லடத்தில் இருப்பது, பிறகு கோயமுத்தூரில் தனியாகக் குடிபோவது, அவளும் வேலைக்குப் போவது. சொன்னவன் மாப்பிள்ளை சாய்சரண்தான். அவனுக்கும் சரவணம்பட்டியில்தான் கம்ப்யூட்டர் வேலை. ஆனால் வாக்குக் கொடுப்பதில் இருக்கிற சுறுசுறுப்பு அதை நிறைவேற்றுவதில் சில ஆண்களுக்கு இருப்பதில்லை. தீபாவளி முடியட்டும் என்றான். தை பிறக்கட்டும் என்றான். அப்பாவின் அறுபதாம் கல்யாணம் முடியட்டும் என்றான். ஒரு வருஷம் மூன்று வருஷம் ஆகிவிட்டது.

மாமனார் மாமியார் கொடுமைக்காரர்களாக இருந்திருந்தால் காரியம் சுலபம். ஒரு சண்டை போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கியிருப்பாள். இவர்களோ தங்கமானவர்கள். ஹரிதாவுக்குத் தெலுங்கு தட்டுத்தடுமாறித்தான் வரும் என்பதால், தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டிருக்கிறவர்கள் அவள் வந்ததும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். மாமியார் ரங்கம்மாள் அவளுக்குப் பிடிக்காத பாகற்காயை அந்த வீட்டில் வாங்குவதையே நிறுத்திவிட்டாள். இப்படிப்பட்டவர்களிடம் எப்படிப் போய்ச் சொல்வது, நான் போகிறேன் என்று?

விட்டுப் போகிற இடத்தில் ஏதாவது நல்லபடியாகக் கொடுத்துவிட்டுப் போவோம் என்றுதான் அந்தப் பரிசு. அறுபதாம் கல்யாண விசேஷத்துக்கு மாமனார், மாமியார் பெயர்களை அழகான எழுத்தில் அறுத்துக் கொடுக்க நினைத்தாள். வில் போல் வளைந்த சட்டத்தில் நூல் மாதிரி பிளேடு பூட்டிய ஒரு சின்ன ரம்பம் வாங்கினாள். எழுத்துக்குள் சுழி வருகிற இடத்தில் முதலில் துளை போட வேண்டும். பிளேடைக் கழற்றித் துளைக்குள் விட்டு, மறுபடி பூட்டி, உள்ளேயிருந்து அறுக்க வேண்டும். மேலே இருக்கிற புள்ளிக்குப் பிடிமானம் கிடையாது. அது கழன்று விழும். பொறுக்கி வைத்துப் பிறகு ஒட்ட வேண்டும். புதுக்கை. ‘நரசிம்மலு’வில் பாதி தாண்டுவதற்குள் பலகை அடுக்குப் பிரிந்து பிளந்துகொண்டது. மறுநாள் விசேஷம். மிச்சமிருந்த துண்டு ஒரு முழம்கூட இல்லை. அதில் அடங்குகிற மாதிரி, புள்ளி அதிகம் இல்லாத மாதிரி ஒன்று வேண்டும். யோசித்து யோசித்து ‘நம்ம வீடு’ என்று அறுத்தாள். பலகை மட்டும் பிளக்காமல் இருந்திருந்தால் இரண்டு பெயர்களோடு கதை முடிந்திருக்கும்.

மண்டபத்தில், வெள்ளகோவில் சொந்தங்கள் எல்லாம் சுற்றி நிற்க, நரசிம்மலு காகிதத்தைப் பிரித்தார். வாசித்தார். அப்படியே நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

“இந்தக் கண்ணு தனியாப் போகோணும்னு கேக்கும்னு மூணு வருசமா வயித்துல நெருப்பக் கட்டிட்டு இருந்தனுங்க” என்றார் எல்லோரையும் பார்த்து. “ஒரு வார்த்தை பேசாம, எழுதியே குடுத்துருச்சு பாருங்க!”

ரங்கம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். போட்டோக்காரர் இன்னொரு முறை கட்டிக்கொள்ளச் சொன்னார். ஹரிதா சிரித்தாள். அந்த இடத்தில் வேறென்ன செய்வது?

சிரித்த பாவத்துக்கு அடுத்த மாதமே வாசலில் செங்கல் இறங்கியது. மாடியில் மகனுக்கும் மருமகளுக்கும் தனியாக இரண்டு அறை, சமையலறை, பால்கனி. தனிக்குடித்தனம் ஆசையெல்லாம் இருந்தால் அதுவும் தீரட்டுமே என்று அவரே யோசித்துச் செய்தது. ஒவ்வொரு வரிசைச் செங்கல்லும் ஏற ஏற ஹரிதாவுக்கு மூச்சு முட்டியது.

“அந்தப் பலகைல எடமில்லீங்க, அதனாலதான் அப்படி எழுதினேன்னு உங்கப்பாகிட்டச் சொல்லுங்களேன்” என்றாள் புருஷனிடம்.

“அதெப் போயி எப்படிச் சொல்றது ஹரி? அப்பா மனசு ஒடஞ்சு போயிரும். பால் காய்ச்சிறலாம், பொறவு மெதுவாப் பேசிக்கலாம்” என்றான் அவன்.

இதற்கிடையில் இரண்டு காரியம் நடந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ஓர் அலங்கார நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. வடவள்ளியில் ஆமினா பீவி என்ற அம்மாளின் மாடி வீடு காலியாக இருப்பது தெரிந்து, அம்மா வீட்டுக்குப் போகிற சாக்கில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். சின்ன வீடுதான். ஜன்னலைத் திறந்தால் மருதமலை தெரிந்தது. தறிச் சத்தம் இல்லாத ஒரு வீட்டில் தன் காலடிச் சத்தத்தைக் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வீடு கைவிட்டுப் போனால் இனி எந்த வீடும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. “உனக்குன்னு வெச்சிருக்கேம்மா, சீக்கிரம் சொல்லு” என்றாள் ஆமினா பீவி.

இனிப் புருஷனை நம்பிப் புண்ணியமில்லை, நாமே சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்தாள். தறி ஓடுகிற வீட்டில் மென்மையாக எதையும் சொல்ல முடியாது, கத்தித்தான் சொல்ல வேண்டும். அதனால் கரண்டு ஆபீஸ்காரர்கள் மாதாமாதம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாளுக்குக் காத்திருந்தாள். அன்றைக்குத் தறிகள் நின்று வீடே வெறிச்சென்று இருந்தது. தறிக்கொட்டகை ஓரத்தில், பலகை அறுப்பதற்கென்றே மாமனார் அவளுக்கு ஒரு கரண்டு ரம்பம் வாங்கி, மேலே டியூப்லைட்டும் போட்டுக் கொடுத்திருந்தார். மாடி வாசலுக்கு ‘சாய்சரண் – ஹரிதா’ என்று அறுக்கச் சொல்லித் தேக்குப் பலகையும் வந்திருந்தது. அந்தப் பலகையில் தன் பெயரைப் பென்சிலால் வரைந்து வைத்துவிட்டு அவள் உட்கார்ந்திருந்தபோது நரசிம்மலு வந்தார்.

“ஏன் கண்ணு, ஒரு மாதிரியா இருக்கற?”

“மாமா, எனக்குக் கோயமுத்தூர்ல வேலை கெடச்சிருக்குதுங்க. நாங்க அங்கயே குடி போலாம்னு இருக்கறமுங்க.”

சொல்லிவிட்டாள். அவர் கோபப்பட்டால் என்ன பேசுவது, அழுதால் என்ன பேசுவது என்று இரண்டுக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். நரசிம்மலுவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

“வேலைக்குப் போகோணும், அவ்வளவுதான? இதுக்குப் போயா இத்தன நாளா மொகத்தத் தொங்கப் போட்டுட்டு இருந்த? படிச்ச புள்ள போகாம? அதுக்கு எதுக்குச் சாமி அங்க குடி போயிக் கஷ்டப்படோணும்? காரு சும்மாதான நிக்குது. நம்ம டிரைவர் எழில் காலைல உட்டுப்போட்டு, சாயங்காலம் கூட்டியாந்துருவான்.” உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ரங்கம்மா! கண்ணுக்கு வேலை கெடச்சிருக்குது, வா இங்க!”

ரங்கம்மாள் கையில் சர்க்கரை டப்பாவோடு ஓடிவந்து அவள் வாயில் போட்டாள். இனிப்பை வாயில் வைத்துக்கொண்டு எதை மறுத்துப் பேசுவது?

“சந்தோசந்தான கண்ணு?”

“செரிங்க மாமா” என்றாள் ஹரிதா. சாய்சரண் அன்று சாயங்காலம் விஷயம் கேட்டு, “பாத்தியா, எவ்வளவு ஈசியா முடிஞ்சிருச்சு” என்றான். அவனை நாலு அறை அறைய வேண்டும் போல அவளுக்கு இருந்தது.

வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஆபீசில் எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். கார், டிரைவர், மூன்றடுக்கு டிபன் கேரியர். சாயங்காலம் மற்றவர்கள் டீ குடிக்கக் கிளம்பும்போது வாசலில் எழில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பான்.

ஒரு நாள் மதியம் ஆமினா பீவி போன் செய்தாள். நாளைக் காலையில் வேறு ஆட்கள் முன்பணத்தோடு வருகிறார்களாம். “நீ இன்னிக்கு வந்து முன்பணம் குடுத்துட்டா நான் அவங்கள வேண்டாம்னுருவேம்மா.”

சாயங்காலம் காரில் ஏறியதும் ஹரிதா சொன்னாள்: “எழில், வடவள்ளிக்குப் போங்க. பத்து நிமிஷ வேலைதான்.”

“போலாங்கக்கா. எதுக்கும் ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லிக்கறனுங்க, நேரமானா அம்மா பயந்துக்குவாங்க” என்று அவன் ஸ்பீக்கர் போனில் எண்ணை அழுத்தி, வடவள்ளி என்று சொல்லியும்விட்டான். தடுப்பதற்குள் நரசிம்மலுவின் குரல் கார் முழுக்கக் கேட்டது.

“வடவள்ளில என்ன கண்ணு?”

ஹரிதா வாயைத் திறந்தாள். வீடு பார்க்க என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். பின்னால் தறிகள் ஓடுகிற சத்தமும், ரங்கம்மாள், “வந்துட்டு இருக்குதுங்களா? தோசை ஊத்தட்டுமா?” என்று கேட்பதும் காதில் விழுந்தது.

“தெரிஞ்சவங்க ஊடுங்க மாமா. சும்மா பாத்துட்டு வரலாம்னு.”

“அதுக்கென்ன கண்ணு, போயிட்டு வரலாம். மழை கட்டிட்டு நிக்குது, இன்னிக்கு வேண்டாம். ஞாயித்துக்கெழமை நாம எல்லாருமாப் போலாம், நானே கூட்டிட்டுப் போறேன். என்ன சொல்ற?”

எழில் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“செரிங்க மாமா. ஊட்டுக்கே வாரனுங்க.”

“வா சாமி, வா” என்றார் அவர், மனம் நிறைந்து.