விருத்தாசலத்தில் இரண்டு ஜோடி இயர்போன்களும் ஓர் இடது காதும்

2008 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை விருத்தாசலம் போனேன். கோயிலுக்காக இல்லை. இரண்டு ஜோடி விலை உயர்ந்த இயர்போன்களை அருகருகே வைத்துக் கேட்டுப் பார்ப்பதற்காக. இதற்கா இருநூற்றிருபது கிலோமீட்டர் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மேடைப் பாடகர்கள் காதுக்குள் செருகிக்கொள்ளும் தரத்திலான இயர்போன்களை நம் ஊர்க் கடைகளில் கேட்டுப் பார்த்து வாங்க முடியாது. பெட்டியைப் பிரித்தால் வாங்கியாக வேண்டும். யாரிடம் இருக்கிறதோ அவரைத் தேடிப் போவதுதான் ஒரே வழி.

விருத்தாசலத்தில் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் குமரவேல், வயது முப்பத்தொன்று. செராமிக் எஸ்டேட் எனப்படும் பீங்கான் தொழிற்பேட்டையில் அவருடைய தாய்மாமா நடத்தும் சிறிய பீங்கான் கம்பெனியில் சூளைக்குப் பொறுப்பாளர். இசை கேட்பவர்களுக்கான இணையக் குழுமம் ஒன்றில் எங்களுக்குப் பழக்கம். இரண்டு வருடமாக எழுதிப் பேசியிருக்கிறோமே தவிர நேரில் பார்த்ததில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் மூலம் அவர் மூன்று டிரைவர் கொண்ட ஒரு ஜோடியை வரவழைத்திருந்தார். டிரைவர் என்பது உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று. என்னிடம் இருந்தது இரண்டு டிரைவர் வகை. எது மேல் என்று குழுமத்தில் ஓயாத சண்டை நடந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் அவர் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "என் செட்டு சரியா இல்ல சார். டூப்ளிகேட்டோன்னு சந்தேகமா இருக்குது. நீங்க உங்களுத எடுத்துக்கிட்டு ஒரு நாளு வாங்க. ரெண்டையும் வச்சுப் பாத்துடலாம்." எப்படிச் சரியில்லை என்று அவரும் சொல்லவில்லை. நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

கோயம்பேட்டில் காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறினேன். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழி. உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் சாலை குறுகி, முந்திரித் தோப்பும் கரும்பு வண்டிகளுமாக வேகம் பாதியாகிவிடுகிறது. பதினொன்றுக்கு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு. ரயிலில் வந்தால் நாலு மணி நேரம்தான், ஆனால் காலையில் நமக்குத் தோதான வண்டி இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் இருநூறு ரூபாய்க்கு அறை. சுமாரான அறை, சுத்தமான தண்ணீர். அன்று இரவு அங்கே தங்குவேன் என்றுதான் நினைத்தேன்.

எஸ்டேட்டுக்கு ஆட்டோவில் நாற்பது ரூபாய். ஆட்டோக்காரர், "டீ கப்பு வாங்கவா வந்தீங்க? கடைத்தெருவுல வாங்காதீங்க, கம்பெனியிலயே வாங்குங்க, பாதி வெலைதான்" என்றார். கேட்டுக்குள் நுழைந்ததும் காற்றே வெளுத்திருந்தது. மரத்து இலை, சைக்கிள் சீட், ஆட்களின் புருவம் எல்லாவற்றிலும் மண்மாவு. களிமண்ணைக் கல்லோடு போட்டு அரைக்கும் பெரிய உருளை மில்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் யாரும் பேசிக்கொள்வதில்லை, கத்திக்கொள்கிறார்கள். இங்கே எப்படிப் பாட்டுக் கேட்டு ஒப்பிடுவது என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

குமரவேல் வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். புகைப்படத்தில் பார்த்ததைவிட ஒல்லி. என் கவலையைச் சொன்னதும் சிரித்தார். "ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் கரெண்டு கட்டு சார். மில்லு நின்னுடும். அதுக்குள்ள முடிச்சுடலாம். வாங்க, மொதல்ல வூட்டுல சாப்புடலாம்."

வீடு எஸ்டேட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. அவருடைய மனைவி செல்வி தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை, சனிக்கிழமை விடுமுறை. கெண்டை மீன் குழம்பும் ரசமும். சாப்பிடும்போது செல்வி கணவருக்கு இடப்பக்கம் நின்று, "ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டார். பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டார். மூன்றாவது முறை தோளைத் தட்டிய பிறகுதான் குமரவேல் நிமிர்ந்தார்.

"இப்பல்லாம் இப்புடித்தாங்க" என்றார் செல்வி என்னிடம். "அந்த வயர மாட்டி மாட்டி, கழட்டி வச்சாலும் இந்த ஒலகத்துல இல்ல. புள்ள கூப்புட்டா கூட திரும்புறதில்ல."

"சளி புடிச்சு காது அடைச்சிருக்குது. மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் குமரவேல். நானும் பாட்டுப் பைத்தியங்களின் வீடுகளில் எல்லாம் கேட்கும் புகார்தானே என்று சிரித்து வைத்தேன்.

இரண்டு மணிக்குக் கரெண்டு போனது. மில்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கம்பெனியின் முன்னறையில் உட்கார்ந்தோம், செல்வியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். முதலில் குமரவேலின் ஜோடியை நான் மாட்டிக்கொண்டேன். ஒரு பெண் குரலும் வீணையும் மட்டும் உள்ள பதிவு. குரல் என் தலைக்கு நடுவில், நெற்றிக்குச் சற்றுப் பின்னால் வந்து நின்றது. அதன் பிறகு மிருதங்கம் உள்ள ஒரு கச்சேரிப் பதிவு. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியின் அதிர்வு தாடையில் தெரிந்தது. அருமையான கருவி. டூப்ளிகேட் இல்லவே இல்லை.

"கொரலு நடுவுல இருக்குதா சார்?" என்று கேட்டார் குமரவேல்.

"நட்டநடுவுல."

அவர் முகம் மாறியது. "எனக்கு வலது பக்கமாவே ஒதுங்கி நிக்குது. அதான் லெப்ட்டு வயரு போச்சுன்னு நெனச்சேன். இந்த மாசம் பூரா இப்புடித்தான்."

சரி, என்னுடையதைக் கேளுங்கள் என்று கொடுத்தேன். அரை நிமிடம் கேட்டுவிட்டு, "உங்க செட்டும் போச்சா சார்? இதுலயும் வலது பக்கந்தான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு காதிலிருந்தும் கழற்றி, இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி மாட்டச் சொன்னேன். வயரில் கோளாறு என்றால் இப்போது பாட்டு இடப்பக்கம் ஒதுங்க வேண்டும்.

"இப்பவும் வலதுதான் சார்."

அவர் வலது காதில் இருந்ததை நானே மெதுவாக உருவி எடுத்தேன். இடது காதில் மட்டும் பாட்டு. குமரவேல் என்னைப் பார்த்தார். "ஏன் சார் பாட்ட நிறுத்திட்டீங்க?"

நான் நிறுத்தவில்லை. ப்ளேயரின் திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதை அவருக்குத் திருப்பிக் காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு பீங்கான் குவளையை எடுத்துப் பேனாவால் தட்டினார். சூளையிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் அங்கே அப்படித்தான் தட்டிப் பார்க்கிறார்கள். கணீரென்றால் நல்லது, மொத்தையாகக் கேட்டால் உள்ளே கீறல். அது கணீரென்றது. வலது காதை உள்ளங்கையால் இறுக்கப் பொத்திக்கொண்டு, இடது காதுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டினார். இன்னும் பலமாகத் தட்டினார். "எங்கயோ அடுத்த தெருவுல தட்டுற மாதிரி இருக்குது" என்றார்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு ஒருநாள் காலையில் இப்படி ஒரு காது அடங்கிப்போனது. மறுநாளே மருத்துவரிடம் போனதால் பிழைத்தது. தாமதித்தால் திரும்பாது என்று அவர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். ஒருநாள் காலையில் எழுந்தபோது காது அடைத்து, கொய்யென்று சத்தம் வந்து, லேசாகத் தலை சுற்றியதாம். மில் சத்தம் காதிலேயே தங்கிவிட்டது என்று நினைத்தாராம். மூன்று வாரம் ஓடிவிட்டது.

"திங்கக்கெழம பாத்துக்கலாம் சார். இன்னைக்கு சூளை பத்த வைக்கணும். நாளு தள்ளுனா மாமா திட்டுவாரு."

செல்வி அதுவரை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "சூளைய மாமா பாத்துக்குவாரு. நீங்க கெளம்புங்க" என்றார். குரல் உயரவில்லை. "நானு பாட்டு கேக்குறதாலதான்னு நெனச்சு ஒங்கள ஏசிக்கிட்டே இருந்துட்டேன். கெளம்புங்கங்க."

உள்ளூரில் காது மருத்துவர் அன்று இல்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நாலேகாலுக்குப் புதுச்சேரி பஸ் பிடித்தோம். நெய்வேலி, வடலூர், கடலூர் வழியாக எண்பத்தைந்து கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். பாதி வழியில் நான் ஏதோ சொன்னேன். நான் உட்கார்ந்திருந்தது அவருக்கு இடப்பக்கம். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெயர் வேண்டாம், ஒரு பெரிய மருத்துவமனை. அவசரப் பிரிவில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் இசைக்கவை ஒன்றைத் தட்டிக் குமரவேலின் நெற்றி நடுவில் வைத்தார். எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். வலது என்றார் குமரவேல். மருத்துவர் தலையாட்டிவிட்டு, எவ்வளவு நாளாகிறது என்று கேட்டார்.

"மூணு வாரம் ஆவுதுங்க" என்றார் செல்வி.

"இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

"வயருலதான் கோளாறுன்னு நெனச்சேன் மேடம்."

மருத்துவர் அவரையும் அவர் மடியில் இருந்த இயர்போன் டப்பாவையும் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காதின் நரம்பு திடீரென்று செயலிழந்திருக்கிறது, பாட்டுக் கேட்டதால் வந்தது என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை, மருந்து உடனே ஆரம்பிக்கிறோம், ஆனால் முதல் சில நாட்களில் வந்திருந்தால் வாய்ப்பு அதிகம் என்றார். அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். லாட்ஜில் என் பை அப்படியே கிடந்தது. ஞாயிறு மதியம் போய் எடுத்துக்கொண்டு சென்னை திரும்பினேன்.

அக்டோபர் கடைசியில் அவருடைய இறுதிப் பரிசோதனைக்கு நானும் புதுச்சேரி போனேன். இடது காதில் கொஞ்சம் திரும்பியிருந்தது. "சத்தம் வருது சார், சொல்லு வரல" என்றார் குமரவேல். அந்தக் கொய்யென்ற ஓசை மட்டும் போகவேயில்லை. இனிமேல் இதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

வெளியே சாலையைக் கடக்கும்போது ஒரு லாரி ஹாரன் அடித்தது. லாரி வந்தது இடமிருந்து. குமரவேல் சாலை நடுவில் நின்று வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒரு காதை வைத்துக்கொண்டு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. அது எனக்கு அன்றுதான் உறைத்தது. செல்வி சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் மூவரும் ஒரு பெட்டிக்கடை ஓரமாக நின்றோம். செல்வி அழுதார். குமரவேல் என்னிடம், "கொரலு நடுவுல நிக்கும்னீங்கல்ல, அது எப்புடி இருக்கும்னு இப்பவே மறந்துட்டு வருது சார்" என்றார்.

போன வேலையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன், அதற்காகவே இந்த வலைப்பக்கத்துக்கு வருபவர்கள் உண்டு. மூன்று டிரைவர் ஜோடியில் அடித்தளம் நிறைவு, மிருதங்கமும் தவிலும் உடம்போடு வருகின்றன. ஆனால் வீணைத் தந்தியின் நுனி சற்று மழுங்கல். என்னுடைய இரண்டு டிரைவரில் குரல் முன்னால் வந்து நிற்கும், அடித்தளம் மெலிவு. பாட்டுக்கு என்னுடையது, தாளத்துக்கு அவருடையது. பதினெட்டாயிரம் கொடுத்து அதை வாங்கலாமா என்றால், வாங்கலாம். இதை என் இரண்டு காதும் குமரவேலின் வலது காதும் சேர்ந்து சொல்கின்றன.

விருத்தாசலம் போகிறவர்களுக்கு: பீங்கான் சாமான் வாங்குவதானால் எஸ்டேட்டிலேயே வாங்குங்கள், மின்வெட்டு நேரத்தில் போனால் பேசி விலை கேட்க முடியும். செப்டம்பரிலும் வெயில் கடுமை, தண்ணீர் கையில் இருக்கட்டும். புதுச்சேரிக்கு மாலையில் பஸ் நிறைய.

இயர்போன் மாட்டுகிறவர்களுக்கு: ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் முதலில் இடம் வலம் மாற்றி மாட்டிப் பாருங்கள். குறை பக்கம் மாறினால் கடைக்குப் போங்கள். மாறாமல் அதே காதில் நின்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். சொட்டு மருந்து வேண்டாம், திங்கட்கிழமை வேண்டாம்.

வெளியிடும் முன் இதை முழுவதும் குமரவேலுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவருடைய பெயரையும் ஊரையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ஊர் பெயர் போட்டால்தான் நம்புவார்கள் என்றார். ஒரே ஓர் இடத்தில் மட்டும் திருத்தம் சொன்னார். பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை என்று மருத்துவர் சொன்ன இடத்தில், "அவருக்கு நேரம் சரியில்லை" என்று நான் ஒரு வரி எழுதியிருந்தேன்.

"அத எடுத்துடுங்க சார்" என்றார். "நேரம் சரியில்லன்னு போட்டா படிக்கிறவன் உச்சு கொட்டிட்டு போயிடுவான். லேட்டா போனான்னு போடுங்க. அப்பதான் ஒருத்தனாவது பஸ்ஸு ஏறுவான்."

லேட்டாகப் போனார்.