மந்திரம் என்று பேர் வாங்கிய ஆறு ஒலிகள்

திருப்போரூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய், காது சரியாகக் கேட்காத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இருந்தாள். இரண்டு காதிலும் கருவி. அவள் அப்பாவுக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்புக் கடை.

வகுப்பு தொடங்கும் முன் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சிறுமியின் பின்னால் நின்று, பரீட்சை அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஒலிகளை மாற்றி மாற்றிச் சொல்வேன். கேட்டால் அவள் கையைத் தூக்க வேண்டும். பேச்சில் வரும் கனத்த ஓசை முதல் மெல்லிய ஓசை வரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும்.

பார்த்தவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். பள்ளியைப் பெருக்கும் அம்மா ஒருநாள் என்னை நிறுத்தி, "இன்னா மந்திரம் டீச்சரம்மா அது? முருகனுதா?" என்றார். பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு முட்டி வலி கீது. அந்த ஸ்ஸு மட்டும் கொஞ்சம் ஊதி வுடும்மா" என்றார்.

அடுத்த வாரம் சிறுமியின் அத்தை, சளி பிடித்த கைக்குழந்தையோடு வந்துவிட்டார். "நீங்க ஓதி ஊதுனா சரியாப் பூடுதாமே!" எவ்வளவு மறுத்தும் பயனில்லை. நிஜமாகவே ஓதத் தெரிந்தவர்கள் இப்படித்தான் தன்னடக்கமாகப் பேசுவார்கள் என்று நம்பினார்.

பிறகு மற்ற பிள்ளைகளும் எனக்கும் ஊதுங்க என்று வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். தலைமையாசிரியர் வந்து கத்தினார். அவர் தண்ணீர் கேட்டாலே தெருவில் போகும் மாடு திரும்பிப் பார்க்கும். ஊரே அவரை முன்கோபி என்றது.

"இன்னா கூத்து இது? எனக்கு செய்ங்க, பாப்போம்!" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

முதல் நாலு ஒலிக்கும் கை கம்பீரமாக எழுந்தது. ஷ்ஷுக்கு யோசித்து எழுந்தது. ஸ் என்றேன். அசைவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"சீக்கிரம் சொல்லுங்க மிஸ், எவ்ளோ நேரம் உக்காந்துகினு இருக்கறது?"

"சொல்லிட்டேன் சார்."

"எங்க சொன்னீங்க?"

"சொன்னாங்க சார், ரெண்டு வாட்டி" என்றாள் சிறுமி. வரிசையும் ஆமோதித்தது. அவர் யாரையும் நம்பவில்லை. அட்டையில்தான் கோளாறு என்று வேறு அட்டை வரவழைத்தார். அதிலும் ஸ் வரவில்லை.

மாலையில் என்னைத் தனியாக அழைத்தார். "வூட்ல டீவி சத்தத்துக்கு தெனம் சண்ட மிஸ். என் சம்சாரம் வேணும்னே கொறச்சு வெக்கறான்னு நெனச்சுகினு இருந்தேன்." பாவமாக இருந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைப் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னேன். போனார். கருவியோடு வந்தார்.

அதற்குப் பிறகு தன் குரலே அவருக்குப் பெரிதாகக் கேட்டதால் கத்துவதை விட்டுவிட்டார். பள்ளி ஆடிப்போனது. ஏதோ பெரிய தண்டனை வரப்போகிறது என்று பயந்து, பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில்கூட மூச்சுவிடவில்லை. பெருக்கும் அம்மா அவர் உடம்பு தேற முருகனுக்கு வேண்டிக்கொண்டார்.

அந்த அமைதியில் சிறுமிக்குப் பாடம் தெளிவாகக் கேட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்டேன்.

"முன்னாடி சார் கத்திக் கத்தித் திட்டுவாரு, இன்னான்னே புரியாது மிஸ். இப்ப மெதுவாத் திட்றாரு, ஒவ்வொரு வார்த்தையும் புரியுது" என்றவள், முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பேஜாரா கீது" என்றாள்.