பூங்காவுக்குக் கொண்டுபோன தண்ணீர்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புத்தளத்திலிருந்து என் கணவரைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். காலையில் இரத்தம் எடுப்பார்கள், ரிப்போர்ட் மத்தியானத்துக்குப் பிறகுதான் வரும். அதுவரைக்கும் பக்கத்திலுள்ள பெரிய பூங்காவில் காத்திருப்போம். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து மரங்கள். ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு வளவையே மூடிவிடும். ஊரே அழகென்று சொல்லும் இடம்தான், எனக்கு அங்கே பயத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது.

முதல் தடவை போனது மார்ச்சில், பாதையெல்லாம் ரோஸ் நிறப் பூ. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது, உப்பைத் தொடக்கூடாது என்றார் டொக்டர். உப்பளத்தில் முப்பது வருடம் வேலை செய்த மனிதரிடம் சொல்கிற பேச்சா அது! நான் வீட்டுக்கு வந்ததும் உப்புப் பேணியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

கொழும்புத் தண்ணீர் அவருக்கு இறங்காது, சப்பென்று இருக்கிறதாம். அதனால் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு கேனில் நிரப்பிக்கொண்டு போவேன். அயலில் எல்லோரும் குழாய்த் தண்ணீருக்கு மாறியும் நாங்கள் மாறவில்லை. கிணற்றுத் தண்ணீரில் ஊற்றினால்தான் தேத்தண்ணீருக்கு ருசி என்பார்.

சோளகக் காற்றுக் காலத்தில் போனோம். மரத்தில் தொங்கிய வௌவால்கள் ஆடிக்கொண்டிருந்தன. ரிப்போர்ட்டில் இரத்தத்துக் கழிவின் அளவு ஏறியிருந்தது. மாரி மழையில் குடைக்குக் கீழே நின்று காத்திருந்தோம். இன்னும் ஏறியிருந்தது. கறிக்கு உப்புப் போடுகிறீர்களா என்று டொக்டர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அல்லாஹ் மீது ஆணையாக ஒரு கல் உப்பும் இல்லை என்றேன். இனியும் ஏறினால் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டிவரும் என்றார். அன்றோடு என் தூக்கம் போயிற்று. இவர் கடையில் களவாக எதையாவது தின்கிறாரோ என்று சட்டைப் பையைக்கூட மோந்து பார்த்தேன்.

மறுபடி மார்ச் வந்தது. உதிர்ந்த பூவைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் எங்களிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கேன் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்துத் துப்பினாள்.

"என்னம்மா, தண்ணிக்கு உப்புப் போட்டுக் கொண்டந்தீங்களா?"

சோறு, கறி, கஞ்சி எல்லாவற்றுக்கும் அந்தக் கிணறுதான். பிறந்ததிலிருந்து ஊர்க் கிணற்றுத் தண்ணீரையே குடித்த எங்கள் நாக்குக்கு அது உப்பென்று தெரியவில்லை. ரிப்போர்ட் வர இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

மரத்தடி வாங்கில் உட்கார்ந்தபடி அவர் கையை நீட்டினார்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்து புள்ள."

"முடிஞ்சி போச்சு" என்றேன்.

பாதிக்கு மேல் தண்ணீரோடு கேன் என் மடியில் கனத்தது.