தேறிய நிறை

ஐவி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எந்தப் போத்தல் என்றாலும் பின்பக்கத்தைத்தான் முதலில் வாசிப்பார். "முன்னுக்கு இருக்கிறது படம். பின்னுக்குத்தான் கதை."

திருகோணமலைத் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் சரக்குச் சரிபார்த்த கிளார்க். கப்பலில் இருந்து இறங்கிய மூட்டையும் தாளில் எழுதியதும் ஒன்றுதானா என்று பார்ப்பது வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. பால்மாப் பெட்டி, மீன் ரின், பற்பசை, எதையும் விடமாட்டார். உட்துறைமுக வீதிப் பெண்கள் வாங்கும் கல்சியம் போத்தல்கள் அவருடைய குசினி மேசைக்கு வந்த பிறகுதான் வாய்க்குப் போகும்.

அன்று வந்தது பக்கத்து வீட்டுச் சுஹைராவின் போத்தல். தையல்காரி; போன வருடம் கிணற்றடியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டவர். எலும்பு தேய்ந்திருக்கிறது, இன்னொரு முறை விழுந்தால் இடுப்பு போய்விடும் என்று சொல்லி கிளினிக்கில் கல்சியம் குளிசை கொடுத்திருந்தார்கள். அதை நிறுத்திவிட்டு இதைப் போடச் சொன்ன விற்பனையாளர் மதுசனும் கூடவே வந்திருந்தார்.

"அன்ரி, இதில கல்சியம் ஆயிரம். மக்னீசியமும் இருக்கு. ஆஸ்பத்திரிக் குளிசை வெறும் சுண்ணாம்பு."

"இதுவும் சுண்ணாம்புதான் தம்பி. கல்சியம் காபனேற்று ஆயிரம் மில்லிகிராம் எண்டெல்லோ கிடக்கு. அது மொத்த நிறை, சாக்கோட நிறுத்தது. உள்ளுக்க கல்சியம் தேறிய நிறை நானூறு." விரல் இன்னும் கீழே இறங்கியது. "அதுவும் மூண்டு குளிசைக்கு!"

சுஹைரா நிமிர்ந்தார். "அப்ப ஒண்டில நூற்றிச் சொச்சமா அக்கா? ஆஸ்பத்திரியில தாறது?"

"ஒண்டிலயே தேறினது ஐந்நூறு."

"மக்னீசியம்?" மதுசன் விடவில்லை.

"நல்ல சாமான்தான். கச்சான் கடலையிலயும் பயறிலயும் கிடைக்குது. ஆனா இவவுக்குக் குறைவெண்டு கிளினிக்கில சொன்னது கல்சியத்தை. ஒரு சரக்குக்குப் பதிலா இன்னொண்டை இறக்க ஏலாது."

பிறகு இரண்டு கிளாஸில் வயிற்றுப் புளிப்புக்குப் பதிலாய் வினாகிரி ஊற்றி, ஒன்றில் சுஹைராவிடம் கேட்டு வாங்கிய ஆஸ்பத்திரிக் குளிசையையும் மற்றதில் போத்தல் குளிசையையும் போட்டார். அரைமணி நேரம் ஒருவரையும் எழும்ப விடவில்லை. பிளேன்ரீ வந்தது. ஆஸ்பத்திரிக் குளிசை கால்மணியில் மாவாய்ப் போயிற்று. மற்றது பிளேன்ரீ முடிந்த பிறகும் கூழாங்கல்லாய்க் கிடந்தது.

"இதில கரையாதது வயித்தில எப்பிடிக் கரையும் தம்பி? முழுசாப் போய் முழுசா வரும்!"

சுஹைரா கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கைப்பையில் கிடந்த கிளினிக் குளிசை உறையை மறுபடி வெளியே எடுத்தார். "இண்டைக்கே சோத்தோட போடுறன் அக்கா."

"ஓம், சோத்தோடதான். வெறும் வயித்தில வேண்டாம்."

மதுசன் போத்தலை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"நில்லுங்கோ தம்பி, உங்கட சரக்குக் குறையக் கூடாது."

ஐவி கரையாத குளிசையைக் கரண்டியால் அள்ளி, சட்டை ஓரத்தில் துடைத்து, அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கிவிட்டார்.