கால் நனையாத மூன்று நாள்

காலை ஆறு பத்துக்குப் புதுச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து வண்டி கிளம்பியது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை போகிற பேருந்து. மரக்காணம் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஆளுக்குப் பத்து ரூபாய். 2006 ஏப்ரல். அந்த நேரத்துக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. என் மனைவி மரகதம் ஜன்னலோரம் உட்கார்ந்து, சான்றிதழ்ப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

நாங்கள் நாமக்கல்காரர்கள். புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் எனக்கு வேலை கிடைத்து, குடிவந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. மரகதம் நர்சிங் படித்து நான்கு வருடம் வேலை பார்த்தவள். மகள் பிறந்தபோது வேலையை விட்டாள். பிறகு என் அம்மா படுத்த படுக்கையாகி, காலமாகும்வரை என்று ஆறு வருடம் ஓடிவிட்டது. புதுச்சேரியில் ஏழு ஆஸ்பத்திரி ஏறி இறங்கினோம். சான்றிதழைப் புரட்டுகிறவர்களின் விரல் எல்லா இடத்திலும் அந்த ஆறு வருடத்தில் வந்து நின்றுவிடும். ஒரு துணிக்கடையில் மட்டும் பில் போடக் கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். மரக்காணத்தில் சின்ன நர்சிங் ஹோம் ஒன்றில் ஆள் தேடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்ல, மகளை அவர்களிடமே விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தோம்.

"இங்கயும் இல்லீன்னா துணிக்கடைக்கே போயிக்கறனுங்க. அப்பறம் இந்தப் பைய எடுத்துப் பரண்ல போட்டுருங்க" என்றாள். கோபமில்லை. களைப்புதான். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

காலாப்பட்டில் ஏறிய ஒரு வயதான அம்மா, தலையில் முக்காடும் கையில் கூடையுமாக எங்கள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கூனிமேட்டுக்காரர். இரண்டு நிமிடத்தில் எங்கள் கதை முழுவதும் அவரிடம் போய்விட்டது.

"நர்ஸு வேலையா? கையும் லேசா இருக்கணும், பேச்சும் லேசா இருக்கணும்மா. பில்லுதான் எப்பவும் கனமா இருக்குது!"

கண்டக்டரே சிரித்துவிட்டார். இறங்கும்போது அந்த அம்மா மரகதத்தின் தலையைத் தொட்டு, "துவா செய்றேன். போய்ட்டு வா, நல்லதே நடக்கும்" என்றார். நாற்பது நாளில் அவளிடம் சான்றிதழ் கேட்காமல் பேசிய முதல் ஆள்.

அனுமந்தையைத் தாண்டி, ஏழரைக்கு மரக்காணத்தில் இறங்கினோம். ஒரு டீயை இரண்டாகக் குடித்துவிட்டுப் போனோம். எட்டுக் கட்டில், ஒரு பிரசவ அறை, வாசலில் நீள பெஞ்சு. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் விரலும் அங்கேதான் நின்றது.

"ஆறு வருஷம் என்ன பண்ணீங்க?"

"புள்ளைய வளத்துனனுங்க. மாமியாரைப் படுக்கைல வெச்சுப் பாத்தனுங்க."

"படுக்கைப் புண் வந்துச்சா?"

"ஒண்ணுகூட வரலீங்க."

டாக்டரம்மா பையை மூடினார். "இன்னிக்கு ஒரு நாள் இருந்து வேலை பாருங்க. சாயந்திரம் சொல்றேன்."

நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். காலை முழுவதும் காய்ச்சல்காரர்களும் கர்ப்பிணிகளும் வந்து போனார்கள். முதல் ஊசி போடும்போது மரகதம் கொஞ்சம் நிதானித்ததைப் பார்த்தேன். மூன்றாவதில் அந்த நிதானம் போய்விட்டது. பத்தே முக்காலுக்கு உப்பளத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். விடிவதற்கு முன்பே வேலைக்கு இறங்கி, வெயில் ஏறியதும் கரையேறுகிறவர்கள். அவர்களில் அஞ்சலை என்பவருக்குக் குதிகாலில் ஆழமாக வெடித்துப் புண்ணாகியிருந்தது. மரகதம் கழுவுவதற்காக சலைன் பாட்டிலை எடுத்தாள்.

"இது என்னாம்மா?"

"உப்புத் தண்ணிங்க. புண்ணைக் கழுவறதுக்கு."

அஞ்சலை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஏம்மா, விடியக்காலையிலேர்ந்து உப்புலதான் நின்னுட்டு வர்றேன். காசு குடுத்து இங்கயும் உப்பா?"

பெஞ்சே குலுங்கியது. மரகதமும் சிரித்துவிட்டாள். "இது எரியாதுங்கக்கா. கண்ணீர்ல இருக்கற அளவு உப்புதான்."

"அப்ப ஊத்து. அது பழக்கம்தான்."

கழுவி, மருந்து வைத்து, சுத்தமாகக் கட்டினாள். கட்டு அழகாக இருந்தது. அதற்குப் பிறகுதான் படித்த பாடம் வாயில் வந்துவிட்டது. "மூணு நாளைக்குக் கால நனைக்காதீங்க."

இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. "நல்லா சொன்ன போ. நாளைக்குக் காலையில பாத்தியில நான் நிக்கலன்னா நீ வந்து நிக்கிறியா?" என்றார் அஞ்சலை. பக்கத்திலிருந்தவர் சொன்னார்: "எல்லா நர்ஸும் இதையேதான் சொல்றாங்க. கட்டு மறுநாள் காலையிலயே அவுந்து அளத்துல மிதக்குது."

மரகதத்தின் முகம் வாடிவிட்டது. கதவருகில் டாக்டரம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். பஞ்சுச் சுருளைச் சுற்றி வைத்துவிட்டு, அஞ்சலையிடம் மெல்லக் கேட்டாள்: "நீங்க நிக்கற எடத்தைக் காட்டுவீங்களாக்கா?"

"ஒரு மணிக்கு அளத்து முனையில இருக்கேன். வா."

சாப்பாட்டு நேரம் ஒன்றிலிருந்து இரண்டு. ஊருக்கு வடக்கே மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருபத்தைந்து ரூபாய். உப்பளத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் கண் கூசும். அப்புறம்தான் கண் தெரியும். கண்ணாடி பதித்தது போலப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். வரப்புகளில் ஆள் உயரத்துக்கு உப்பு அம்பாரங்கள், சிலவற்றின் மேல் கீற்று வேய்ந்திருந்தது. நிழல் என்று எதுவும் இல்லை. என் நிழல்கூடக் காலுக்கடியில் ஒளிந்துகொண்டிருந்தது.

"ஒரு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கக் கூடாதுங்களா?" என்று மரகதம் கேட்டாள்.

"பூட்ஸ் போட்டு இறங்கினா தரை பேந்துரும்" என்றார் அஞ்சலை. "தை மாசம் பூரா நாங்க காலாலயே மிதிச்சு மிதிச்சு இறுக்கின தரை இது. பேந்துதுன்னா சேறு மேல வந்து உப்பு கறுத்துரும். அப்புறம் மேஸ்திரி மூஞ்சியும் கறுத்துரும்."

மரகதம் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிப் பாத்திக்குள் இறங்கிவிட்டாள். தண்ணீர் சுட்டிருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் குதிகாலிலும் வெடிப்பு உண்டு. ஒரு நிமிடம் அப்படியே நின்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு அம்பாரத்தைக் காட்டி, "அந்தக் கீத்து மூடற வேலை யாருங்க பாக்கறது?" என்றாள்.

"அதுக்குத் தனியா ரெண்டு பேரு இருக்காங்க. அவங்களுக்குக் கால் நனையாது, மகராசிங்க."

மடை திறந்துகொண்டிருந்த மேஸ்திரியிடம் மரகதம் நேராகப் போனாள். நாமக்கல்லில் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே என்னை அனுப்புகிறவள்.

"அண்ணா, இந்தக்காவை மூணு நாளைக்கு அம்பாரத்து வேலைக்கு விடுங்க. அங்க இருக்கறவங்க ஒருத்தர் பாத்திக்கு வரட்டும்."

"ஏம்மா, நீ டாக்டரா?"

"இன்னும் நர்ஸுகூட ஆகலீங்க."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அஞ்சலையின் கட்டைப் பார்த்தார். "இந்தக் காலோடவா காலையில உப்பு வாரிட்டு இருந்த? வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?"

"நீ எங்க கேட்ட?"

"சரி, சரி. மூணு நாளு. நாலாம் நாளு பாத்திக்கு வந்துடணும்."

திரும்பி வர ஆட்டோ கிடைக்கவில்லை. பாதித் தூரம் நடந்து, ஒரு டிராக்டரில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால்.

"ரெண்டு மணின்னு சொன்னேன்ல? முதல் நாளே இப்படியா?" என்றார் டாக்டரம்மா.

மரகதம் சாக்குச் சொல்லவில்லை. போன இடத்தைச் சொன்னாள்.

"மேஸ்திரி என்ன சொன்னாரு?"

"மூணு நாளைக்கு மேட்டு வேலைக்கு விடறேன்னுட்டாருங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்து வருஷமா நானும் 'நனைக்காதே'ன்னு சீட்டுல எழுதிட்டு இருக்கேன். ஒருநாளும் அந்தாளைப் போய்ப் பார்க்கணும்னு தோணல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த இரண்டு மணி நேரம் எனக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

ஐந்து மணிக்குக் கூப்பிட்டார். "அந்தப் பொம்பளை நாளான்னிக்குக் கட்டு மாத்த வருவா. நீங்கதான் மாத்தணும். அவங்க கரையேறிட்டு வர்ற நேரத்துக்குத் தோதா, பத்துலேர்ந்து ஆறு டூட்டி போட்டுக்கலாம்."

மரகதத்துக்கு உடனே விளங்கவில்லை. "அப்ப... வேலைங்களா டாக்டர்?"

"பின்ன? கட்டு மாத்தறது சும்மாவா?"

ஐந்தே முக்காலுக்குப் பேருந்து. உட்கார இடம் கிடைத்தது. அவள் கால் விரல்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. நாமக்கல்லிலிருந்து கிளம்பியபோது, எந்தத் தெரு, எந்த வீடு என்று ஒரு வார்த்தை கேட்காமல் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு என் பின்னால் வந்தவள் அவள். அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் அன்று தோன்றவில்லை. அன்றைக்கு நான் கேட்காததை இன்றைக்காவது கேட்கலாம் என்று நினைத்தேன்.

"மரக்காணத்துலயே வீடு பாத்துக்கலாமா? நான் பஸ்ல போய் வந்துக்கறேன். அடுத்த தடவ வரும்போது அஞ்சலைகிட்டச் சொல்லி வை."

"சொல்லிட்டனுங்க."

"எப்ப?"

"மத்தியானமே. உப்பளத்துல."

"அப்ப வேலையே ஆகலையே!"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆகலீன்னாலும் அந்தக்காவுக்குக் கட்டு மாத்த ஆள் வேணுமில்லீங்களா?" என்றாள்.